எரிச்சல் விட்டுப்போன கருமை

கொசு கடித்த இடம் ஆறி இரண்டு மாதமாகியும் கணுக்காலில் கரும்புள்ளி அப்படியே நிற்கும். எண்ணெய் தெறித்த மணிக்கட்டில் கொப்புளம் காய்ந்து புதுத்தோல் வந்த பிறகும் பழுப்பு வட்டம் போகாது. தோல் ஏதோ ஒரு காரணத்தால் அழன்று, ஆறும்போது அந்த இடத்தில் தங்கிவிடும் இந்த நிறத்தை அழற்சிக்குப் பின்வரும் கருமை என்கிறது தோல் மருத்துவம். மாநிறத்திலிருந்து கருநிறம் வரையிலான தோலில் இது அதிகம் வரும், அதிக நாள் நிற்கும். இதன் உடன்பிறப்பு வறண்ட தோல். வறண்ட தோல் அரிக்கும்; அரித்தால் கை சும்மா இருக்காது; சொறிந்த இடம் அழலும்; அழன்ற இடம் கறுக்கும். கறுத்ததைப் போக்கத் தேய்த்தால் மறுபடி அழலும். உலு யாம், பத்தாங் காலி, செரண்டா, பெஸ்தாரி ஜெயா, கோல சிலாங்கூர் என மலேசியாவின் வட சிலாங்கூரில் விரிந்துகிடக்கும் தோட்டப் பகுதிகளில் இந்தச் சுழல் வீட்டுக்கு வீடு தெரிந்த ஒன்று. பெரும்பாலான சமயம் இதை வீட்டிலேயே, சில வெள்ளி செலவில் தணித்துவிடலாம். அதற்கு வேண்டியவை மென்மையான கையும் மாதக்கணக்கான பொறுமையும்.

ஈரக் காற்றில் வறளும் தோல்

உலு யாம் மலையடிவார ஊர். வருடம் முழுக்க மழை உண்டு, காற்றில் எப்போதும் ஈரம் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் தோல் ஏன் வறள்கிறது என்ற கேள்வி நியாயமானதுதான். தோலின் ஈரத்தைக் காப்பது அதன் மேலடுக்கு. அந்த அடுக்கைச் செங்கல் சுவருக்கு ஒப்பிடுவது வழக்கம். உயிரற்ற தட்டைச் செல்கள் செங்கற்கள். அவற்றுக்கு இடையே சாந்துபோல இருப்பவை செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பமிலங்கள். சாந்து கரைந்தால் சுவரில் விரிசல் விடும். உள்ளிருக்கும் நீர் வெளியேறும், வெளியிலிருக்கும் எரிச்சலூட்டிகள் உள்ளே நுழையும்.

சாந்தைக் கரைப்பதில் முதலிடம் சவர்க்காரத்துக்கு. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு 5-ஐ ஒட்டியிருக்கும். சாதாரணக் கட்டிச் சவர்க்காரத்தின் அளவு 9 முதல் 10 வரை. புழுக்கத்தில் காலை ஒன்று, வேலை விட்டு வந்து ஒன்று, படுக்குமுன் ஒன்று என மூன்று முறை குளிக்கும் பழக்கத்தில் தவறில்லை. மூன்று முறையும் தலை முதல் கால்வரை சவர்க்காரம் போடுவதில்தான் தோல் தோற்றுப்போகிறது. ரப்பர் பால் ஒட்டிய கையைத் துணி துவைக்கும் சவர்க்காரத்தால் கழுவுவது, குளிக்கும் நீரில் கிருமிநாசினி கலப்பது, எட்டு மணி நேரம் குளிர்சாதன அறையில் நின்று வேலை செய்வது, வயது அறுபதைத் தாண்டுவது ஆகியவை மீதியைச் செய்துவிடுகின்றன. தோட்டத்தில் வளர்ந்து இன்று ராவாங், செரண்டா பக்கத் தொழிற்சாலைகளுக்குப் போகும் தலைமுறைக்குக் கால் முன்பக்கத்தில் மீன் செதில்போல் தோல் வெடிப்பதற்கு இந்தக் குளிர்காற்றும் ஒரு காரணம்.

நிறம் எப்படி ஏறுகிறது

தோலின் மேற்பகுதியின் அடித்தளத்தில் நிறமிச் செல்கள் வரிசையாக இருக்கின்றன. வெள்ளைத் தோலிலும் கருந்தோலிலும் அவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை உண்டாக்கும் மெலனின் துகள்களின் அளவிலும் சுறுசுறுப்பிலும்தான் வேறுபாடு. கடி, சூடு, உராய்வு, அமிலம், ஒவ்வாமை என எதனால் தோல் அழன்றாலும் அங்கே சுரக்கும் வேதிப்பொருள்கள் நிறமிச் செல்களைத் தூண்டும். அவை மிகையாக மெலனினை உண்டாக்கி அக்கம்பக்கத்துச் செல்களுக்குக் கொடுக்கும். இப்படி மேலடுக்கில் தங்கிய நிறம் பழுப்பாகத் தெரியும். அழற்சி கடுமையாக இருந்து அடித்தளமே சிதைந்தால் மெலனின் கீழே உள்தோலுக்குள் விழுந்துவிடும். அங்கே அதை விழுங்கும் செல்கள் எளிதில் விடாது. அப்போது நிறம் சாம்பல் கலந்த நீலமாகத் தெரியும்.

இந்த வேறுபாடு தெரிந்தால் வீண் செலவு மிச்சம். மேலடுக்குச் செல்கள் அடியில் பிறந்து, மேலே ஏறி, உதிர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஆகவே பழுப்புத் தழும்பு ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களில் பெரும்பாலும் தானாக மங்கும். சாம்பல்நீலத் தழும்பு வருடக்கணக்கில் நிற்கும். சில போகவே போகாது. ஏழு நாளில் போகும் என்று எந்த டப்பாவில் எழுதியிருந்தாலும் உடலின் கணக்கு அதற்கு இடம் தராது.

மருந்தடிப்பும் சார்லியும்

தோட்ட வாழ்க்கையில் எரிச்சலுக்குப் பஞ்சமில்லை. பால்வெட்டுக்கு விடியுமுன் போகிறவர்களின் காலைக் கொசு பதம் பார்க்கும். பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலமும், பால் உறையாமல் வைக்கச் சேர்க்கும் அம்மோனியாவும் கைத்தோலை அரிப்பவை. செம்பனைத் தோட்டங்களில் களைக்கொல்லி தெளிக்கும் வேலை நெடுங்காலம் பெரும்பாலும் பெண்களின் தோளில் விழுந்தது. முதுகில் சுமக்கும் பம்பின் மூடி கசிந்தால் மருந்து சட்டையை நனைத்து, இடுப்புக்கு மேலே பட்டையாக ஊறும். அந்தச் சட்டையோடு பகல்வரை வெயிலில் நிற்க நேர்ந்தால் மறுவாரம் அங்கே கறுத்த பட்டை விழும். ஐரின் பெர்னாண்டஸ் நிறுவிய தெனாகானித்தா அமைப்பு, பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்புடன் சேர்ந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு, மருந்தடிக்கும் தோட்டப் பெண்களின் தோல் கோளாறு, கண் எரிச்சல், தலைசுற்றல், மூச்சுத்திணறல் ஆகியவற்றை எடுத்துச் சொன்னது. அந்தப் பெண்களின் உடம்பில் இருந்த தழும்புகளை அழகுப் பிரச்சினை என்று ஒதுக்குவது அநியாயம். அவை வேலையிட விபத்தின் பதிவுகள். பாராகுவாட் களைக்கொல்லி மலேசியாவில் 2020 முதல் தடைசெய்யப்பட்டுவிட்டது. மற்ற மருந்துகள் இன்னும் தெளிக்கப்படுகின்றன. அவை தோலில் பட்டால் செய்ய வேண்டியது உடனே சட்டையைக் கழற்றி, ஓடும் நீரில் கால் மணி நேரமாவது கழுவுவது. அந்தச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.

கோல சிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் வரையிலான நெல்வயல் பகுதியில் இன்னொரு தொல்லையும் உண்டு. மலாய்க்காரர்கள் செமுட் செமாய், செமுட் கயாப் என்றும், எல்லாரும் சார்லி என்றும் அழைக்கும் பூச்சி அது. எறும்பு என்ற பெயர் இருந்தாலும் அது ஒரு வண்டு. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த நீளம், உடம்பில் கறுப்பும் ஆரஞ்சும் மாறிமாறி வரும். அறுவடை முடிந்து வயல் வெறுமையானதும் வீட்டு விளக்கைத் தேடிப் பறந்து வரும். கடிக்காது, கொட்டாது. கழுத்தில் ஊரும்போது கையால் அடித்து நசுக்கினால்தான் வினை. அதன் உடல்நீரிலுள்ள பெடரின் என்னும் நஞ்சு தோலில் கோடாகப் பரவும். அன்று ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அந்தக் கோடு சிவந்து எரிந்து கொப்புளமாகும். முழங்கையின் உள்மடிப்பில் பட்டால், மடங்கி ஒட்டும் எதிர்ப்பக்கத்திலும் அச்செடுத்ததுபோல் அதே புண் வரும். இதை அக்கி என்று நினைத்துக் காவி குழைத்து எழுதுவோரும் உண்டு. மலாய் மொழியில் கயாப் என்றாலும் அக்கிதான். அந்தக் குழப்பம் பூச்சியின் பெயரிலேயே குடியேறிவிட்டது. இரண்டு மூன்று வாரத்தில் புண் ஆறும். கருங்கோடு மாதக்கணக்கில் நிற்கும். சார்லி மேலே ஊர்ந்தால் ஊதித் தள்ளவோ, காகிதத்தில் ஏறவிட்டு அகற்றவோ வேண்டும். நசுங்கிவிட்டால் அந்த இடத்தை உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். சவர்க்காரத்தைத் தாராளமாகப் போடவேண்டிய இடம் இதுதான்.

நெற்றியும் தப்புவதில்லை. செயற்கைச் சாயம் கலந்த குங்குமம் சிலருக்கு ஒவ்வாமல் புருவ நடுவில் கருமையை உண்டாக்கும். ஸ்டிக்கர் பொட்டின் பசை சிலருக்குக் கருமையையும் சிலருக்கு வெண்புள்ளியையும் விட்டுப்போகும். தலைச்சாயம் ஒவ்வாதவர்களுக்குக் காதோரமும் நெற்றியோரமும் கறுக்கும். இந்த மூன்றிலும் பொருளை நிறுத்தாமல் எந்தக் கிரீம் பூசினாலும் பலனில்லை.

குளியலறையில் தொடங்கும் பராமரிப்பு

எரிச்சலின் காரணத்தை நிறுத்துவது முதல் வேலை. இரண்டாவது, சுவரின் சாந்தைத் திரும்பப் பூசுவது. நிறத்தைப் பற்றிய கவலை அதன் பிறகுதான். பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்வதால்தான் மாதக்கணக்கில் அவதிப்படுகிறார்கள்.

குளியல் ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் முடியட்டும். நீர் வெதுவெதுப்பாகவோ குளிர்ந்தோ இருக்கலாம், கொதிப்பாக வேண்டாம். மூன்று முறை குளித்தாலும் சவர்க்காரம் ஒருமுறை போதும். அதுவும் அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கே முக்கியம். நைலான் வலையும் பீர்க்கங்காய் நாரும் வறண்ட தோலுக்கு எதிரிகள். முதுகை வருடக்கணக்கில் அப்படித் தேய்ப்பவர்களுக்கு முதுகெலும்பை ஒட்டியும் தோள்பட்டையிலும் சிற்றலைபோல் கருமை படிவதை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். அழுக்கு என்று நினைத்து அதையே மேலும் தேய்ப்பது இன்னும் கொடுமை.

துண்டால் துடைக்கும்போது ஒற்றி எடுக்க வேண்டும். தோலில் ஈரப் பிசுபிசுப்பு இருக்கும்போதே, ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்குள், ஈரங்காக்கும் பூச்சைப் போட வேண்டும். கடலை அளவு வாஸ்லினை உள்ளங்கையில் எடுத்து, இரு கையும் சேர்த்து அது இளகும்வரை உரசி, முழங்காலிலிருந்து பாதம் நோக்கி முடி வளர்ந்திருக்கும் திசையில் மெதுவாக நீவினால் போதும். தோலில் மெல்லிய பளபளப்புத் தெரிய வேண்டும், வழுக்கக் கூடாது. அளவு தெரிய ஒரு கணக்கு உண்டு. பெரியவர்களின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கிய கிரீம் ஏறத்தாழ அரை கிராம். இரு உள்ளங்கை அகலமுள்ள தோலுக்கு அது போதும். ஒரு நாளைக்கு இருமுறை பூச வேண்டும். அரிப்பு நின்ற பிறகும் விடக்கூடாது.

வாஸ்லின் 1872-இல் அமெரிக்காவில் ராபர்ட் செஸ்பரோ காப்புரிமை பெற்ற பண்டம். நூற்றைம்பது ஆண்டு கடந்தும் தோலிலிருந்து நீர் ஆவியாவதைத் தடுப்பதில் அதை மிஞ்சிய மலிவுப் பொருள் கிடையாது. வாசனையும் நிறமும் சேர்க்காத டப்பாவாகப் பார்த்து வாங்கினால் ஒவ்வாமை அபாயமும் மிகக் குறைவு. அதன் பிசுக்கு பிடிக்காதவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் உண்டு, இதற்குச் சான்றும் உண்டு. 2004-இல் வெளியான பிலிப்பீன்ஸ் ஆய்வு ஒன்றில், வறண்ட தோலுடைய 34 பேரில் ஒரு பிரிவினருக்குச் சுத்தத் தேங்காய் எண்ணெயும் மறு பிரிவினருக்குக் கனிம எண்ணெயும் தரப்பட்டன. இரண்டும் ஒரே அளவு பலன் தந்தன. பாட்டிமார் செய்தது சரிதான். ஆனால் பரு வரும் முகத்துக்கு அது ஏற்றதல்ல. ஆலிவ் எண்ணெயும் கடுகு எண்ணெயும் தோலின் சாந்தைக் கலைக்கக் கூடியவை என ஆய்வுகள் காட்டியிருப்பதால் அவை வேண்டாம். தீபாவளி எண்ணெய்க் குளியலில் நல்லெண்ணெய் தோலுக்கு இதம். அதை எடுக்கச் சீயக்காயை உடம்பெல்லாம் அழுத்தித் தேய்ப்பதில்தான் வந்த பயன் போய்விடுகிறது.

அரசாங்கக் கிளினிக்கில் கொடுக்கும் அக்குவஸ் கிரீமைச் சவர்க்காரத்துக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவிவிடுவது நல்ல பயன்பாடு. அதிலுள்ள நுரைப்பொருள் காரணமாக, பூசி அப்படியே விட்டால் சிலருக்கு எரியும்; எரிந்தால் மருந்தாளரிடம் சொல்லி வேறு களிம்பு கேட்கலாம். வெடித்த குதிகாலுக்கு யூரியா கலந்த கிரீம் நன்கு வேலை செய்யும், இரத்தம் கசியும் வெடிப்பில் மட்டும் படக்கூடாது.

அரிப்பு எழும்போது நகத்துக்குப் பதில் குளிர்ந்த ஈரத்துணி. குழந்தைகளின் நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும். அம்மை கண்ட பிள்ளையை வேப்பிலைக் கொத்தால் வருடும் வழக்கத்தில் நல்ல மருத்துவப் புத்தி இருக்கிறது: அரிப்பும் தணியும், நகமும் படாது. பொருக்கு உதிருமுன் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அழுத்தித் தேய்ப்பது மட்டும் கூடாது. பொருக்கைப் பிய்த்த ஒவ்வோர் இடமும் கறுக்கும், சில குழியாகவும் ஆகும்.

வெயில்

மங்கத் தொடங்கிய தழும்பைத் திரும்பக் கறுக்க வைப்பது வெயில். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நாட்டில் வருடத்தின் எந்த மாதமும் நண்பகல் வெயில் கடுமையானதுதான். காலை பத்து முதல் மாலை நான்குவரை தழும்பை மூடி வைப்பது நல்லது. தோட்டத்தில் பெண்கள் தலையில் துணி கட்டி, அதன்மேல் தொப்பி வைத்து, நீளக்கைச் சட்டை போடும் பழக்கம் எந்தக் கிரீமையும் விடச் சிறந்த பாதுகாப்பு. வியர்வையில் கரையாது, மறுபடி வாங்கவும் வேண்டாம். முகத்துக்கு எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத வெயில்தடுப்புக் கிரீம் உதவும். கருந்தோலில் புற ஊதாக் கதிர் மட்டுமல்லாமல் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறத்தைக் கூட்டும் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த பழுப்புச் சாயல் கிரீம் கூடுதல் பயன் தரும்.

இவ்வளவும் செய்து, எரிச்சல் முற்றும் அடங்கிய பிறகு, நிறத்துக்கென ஏதாவது பூச விரும்பினால் மருந்தகத்தில் கிடைக்கும் நியாசினமைடு 4 அல்லது 5 விழுக்காட்டுக் கிரீம் மென்மையானது. அசெலாயிக் அமிலம் அடுத்த படி. எதையும் முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது பூசி நாலைந்து நாள் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பூசியதும் எரிகிறது என்றால் அது வேலை செய்கிறது என்ற நம்பிக்கை ஆபத்தானது. எரிச்சலில் பிறந்த கருமைக்கு இன்னோர் எரிச்சல் மருந்தாகாது.

எலுமிச்சையும் பாதரசமும்

எரிச்சலைக் கூட்டும் என்பதாலேயே எலுமிச்சைச் சாறு வேண்டாம். அதன் அமிலம் எரிக்கும் என்பது பாதிக் கதைதான். எலுமிச்சையிலுள்ள பியூரனோகூமரின் என்னும் பொருள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளம் எழுந்து, அது வழிந்த தடமெல்லாம் கறுக்கும். வெயிலில் நின்று பழம் பிழிந்தவர்களின் கையிலும் இது வருவதுண்டு. பூண்டு அரைத்துக் கட்டுவது தோலைச் சுட்டுவிடும். பற்பசை, வெற்றிலைச் சுண்ணாம்பு, சமையல் சோடா எல்லாம் இதே வகை.

பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலும் கைப்பேசி விற்பனையிலும் வரும் வெளுப்புக் கிரீம்கள் வேறு வகை ஆபத்து. மலேசியாவின் என்.பி.ஆர்.ஏ. என்னும் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை, பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு கலந்த அழகுப் பொருள்களைக் கண்டுபிடித்துத் தடைசெய்துகொண்டே இருக்கிறது. பாதரசம் மெலனின் உற்பத்தியை முடக்குவதால் சில வாரத்தில் முகம் வெளுப்பது உண்மைதான். அது தோல் வழியாக இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் தாக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021-க்கும் 2023-க்கும் இடையே ஒரு மருத்துவமனையில் சிறுநீரில் புரதம் கசியும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். 15 பேருக்கு அரிதான ஒரே உட்பிரிவு நோய். அந்தப் பதினைந்தில் 13 பேர் வெளுப்புக் கிரீம் பூசியவர்கள். ஸ்டீராய்டு கலந்த கிரீம் தோலை மெலியவைக்கும். நிறுத்தியதும் சிவப்பும் பருவும் முன்னைவிடக் கூடிய கருமையும் திரும்பும். ஹைட்ரோகுவினோன் மருத்துவர் சீட்டில் குறிப்பிட்ட காலம் மட்டும் பயன்படுத்த வேண்டிய மருந்து. மலேசியாவில் முறைப்படி அறிவிக்கப்பட்ட அழகுப் பொருளுக்கு என்.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் எண் உண்டு. அதை என்.பி.ஆர்.ஏ. இணையத் தளத்தில் தட்டிப் பார்க்கலாம். எண்ணே இல்லாத டப்பாவைக் கடையிலேயே விட்டுவிட வேண்டும்.

வேறு நோயின் அடையாளம்

எல்லாக் கருமையும் எரிச்சலின் சுவடாக இருப்பதில்லை. கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட்டுத் துணிபோல் தடித்துக் கறுத்தால் அது பெரும்பாலும் இன்சுலின் உடலில் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். 2019-இல் நடந்த தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே மற்ற இனத்தவரைவிட விகிதம் அதிகம். கழுத்தைத் தேங்காய் நாரால் தேய்க்கும் பதின்ம வயதுப் பிள்ளைக்குத் தேவை இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை. நீரிழிவுக்காரர்களின் வறண்ட பாதத்தில் வெடிப்பு விழுந்தால் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

ஓரம் சிவந்து நடு வெளுத்து வட்டமாகப் படர்வது படர்தாமரை. அதற்கு ஸ்டீராய்டு உரம். இரவில் வீட்டில் எல்லாருக்கும் அரித்தால் சிரங்குப் பூச்சி. உள்ளங்காலிலோ நகத்தடியிலோ அளவு மாறிவரும் கரும்புள்ளியோ கோடோ தெரிந்தால் காத்திருக்கக் கூடாது.

நிறம் மங்கி, தொட்டால் உணர்ச்சி இல்லாத திட்டு தொழுநோயாக இருக்கலாம். 1930-இல் தொழுநோயாளருக்கென்றே குடியிருப்பு எழும்பிய சுங்கை பூலோ இந்தப் பகுதிக்கு அருகில்தான் இருக்கிறது. அன்று ஆளையே ஊரைவிட்டுப் பிரித்த அந்த நோய்க்கு இன்று மாத்திரையில் முழுக் குணம் உண்டு, சீக்கிரம் கண்டால் ஊனமும் இல்லை.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. தோல் நிபுணரைப் பார்க்க வேண்டியிருந்தால் அங்கிருந்தே கோலாலம்பூர் பெரிய மருத்துவமனைபோன்ற இடத்துக்குக் கடிதம் தருவார்கள். போகும்போது அதுவரை பூசிய எல்லா டப்பாவையும், லேபிள் கிழிந்ததையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப்போக வேண்டும். எதனால் கறுத்தது என்பதற்கான விடை பல சமயம் அந்தப் பையில்தான் இருக்கும்.